கண்மாய் வற்றினால் பறவைகளுக்குக் கொண்டாட்டம் ஏன்?

"கண்மாய் நிறைஞ்சு கிடக்கும்போது நாலு நீர்க்காகம்தான் தெரியுது, தண்ணி வத்திச் சேறானதும் பறவையா வந்து குவியுதே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. முக்குளிக்கிற பறவைக்கு ஆழம் வேண்டும், நடந்து மேய்கிற பறவைக்குக் கால் எட்டினால்தான் சாப்பாடு. பவளக்காலி கணுக்கால் நனைய நிற்கும். கொசு உள்ளான் என்ற குட்டிக் கரைப்பறவை சுமார் 25 கிராம்தான், ஆர்க்டிக் ஓரத்திலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து, ஈரச் சேற்று விளிம்பில்தான் ஓடியோடி மேயும்.

சரி, சேற்றுக்குள் இருக்கும் இரை எப்படித் தெரிகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். உள்ளானின் அலகு நுனி எலும்பில் தேன்கூடு மாதிரி நுண்குழிகள், அவற்றுக்குள் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள். புழு நெளிந்தால் அதிர்வு கிடைக்கும். அசையாத சிப்பி என்றால்? 1998இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ரெட் நாட் என்ற உள்ளான் வகைக்கு ஈர மணலில் வெறும் கல்லைப் புதைத்து வைத்துப் பார்த்தார்கள். அசைவில்லை, உயிரே இல்லை, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டது! அலகைக் குத்தும்போது மணல் துகள்களுக்கு இடையே உள்ள தண்ணீர் நெருக்கப்பட்டு விலகுகிறது. பக்கத்தில் கெட்டியாக ஏதாவது இருந்தால் அந்தப் பக்கம் நீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தக் குத்த அது இன்னும் ஏறும், அதைத்தான் அலகு நுனி உணர்கிறது என்பது அவர்கள் விளக்கம். அப்புறம் இன்னொன்று, உள்ளான்களால் அலகின் அடிப்பகுதியை மூடியபடியே நுனியை மட்டும் திறந்து இரையைக் கவ்வ முடியும்.

சேற்றில் ஈரமும் இளக்கமும் போனால் இந்த வித்தை பலிக்காது. கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் அந்தச் சேற்று விளிம்பே இருக்காது. அதனால்தான் ஜேசிபியை இறக்கி நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டித் தூர் வாருவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நாடு முழுக்க 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 நீர்நிலைகளைக் காக்க 2017இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, நல்ல விஷயம். அந்த எண்ணிக்கை வந்த அதே இஸ்ரோ நீர்நிலைக் கணக்கெடுப்பில், அந்த அளவைவிடச் சிறிய குட்டை, குளங்கள் 5,55,557 இருக்கின்றன. அவை அந்த உத்தரவுக்குள் வரவில்லை, ஆராய்ச்சிப் பணமும் பெரிய சரணாலயங்களைத் தேடித்தான் போகிறது. உங்கள் ஊர்க் குளத்தைத் தூர் வாரப் போகிறார்கள் என்றால், ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விடச் சொல்லிக் கிராம சபையில் கேளுங்கள்.