சிக்னேச்சர்: கையொப்பமா, தடக்குறியா?

நெட்வொர்க்கில் ஓடும் தரவில் ஒரு தாக்குதலைக் காட்டிக்கொடுக்கும் எழுத்துக்கோவை அல்லது பைட் வரிசைக்குச் சிக்னேச்சர் என்று பெயர். ஸ்னார்ட், சுரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருள்கள் பெரும்பாலும் இதைத் தேடித்தான் எச்சரிக்கை எழுப்புகின்றன.

லத்தீன் மொழியில் 'சிக்னும்' என்றால் குறி. 'சிக்னாரே' என்றால் குறியிடுதல். ஆவணத்தின் அடியில் இடும் ஒப்பம் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. அதைப் பார்த்துக் கணினிப் பாதுகாப்பிலும் 'கையொப்பம்' என்று எழுதுகிறார்கள். பொருந்தவில்லை. கையொப்பம் ஒருவர் மனமறிந்து இடுவது. தாக்குபவர் விட்டுச்செல்வது தடம். தவிர, டிஜிட்டல் கையொப்பம் என்ற வேறொரு பொருளுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. 'தடக்குறி' என்பதே சரி. மூலச்சொல்லின் 'குறி'யும் அதில் நிற்கிறது.

தடக்குறியும் விதியும் ஒன்றல்ல. தடக்குறி எதைத் தேட வேண்டும் என்பது மட்டுமே. எந்தத் திசையில், எந்தப் பகுதியில், கிடைத்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தால்தான் விதி. வெப் சர்வர் அனுப்பும் பதிலைச் சோதிக்கும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

கோரிக்கையில் கிடைக்கும் தடக்குறி, யாரோ முயன்றார்கள் என்று சொல்லும். பதிலில் கிடைப்பது, முயற்சி பலித்தது என்று சொல்லும். ஸ்னார்ட் காலத்திலிருந்து புழங்கும் பழைய உதாரணம் 'யூஐடி=0(ரூட்)'. யூனிக்ஸில் 'ஐடி' கட்டளை தரும் வெளியீடு இது. உங்கள் சர்வரின் பதிலில் வந்தால், வெளியாள் ஒருவர் ரூட் உரிமையுடன், அதாவது கணினியின் முழு அதிகாரத்துடன், கட்டளை ஓட்டியிருக்கலாம். ஆனால் யூனிக்ஸ் பாடம் நடத்தும் வலைப்பக்கத்திலும் இதே வரி இருக்கும். தடக்குறியை மட்டும் நம்பினால் பொய் எச்சரிக்கை குவியும்.

ஆகவே விதியின் ஃப்ளோ விருப்பத்தில் 'எஸ்டாப்ளிஷ்டு, டு_கிளையன்ட்' (நிறுவப்பட்ட இணைப்பு, கிளையன்டை நோக்கி) என்று திசையைக் கட்டுங்கள். சந்தேகக் கோரிக்கைக்கு ஒரு விதி எழுதி, இணைப்பில் அடையாளம் வைக்கும் ஃப்ளோபிட்ஸ் மூலம் கொடி ஏற்றி, 'நோஅலர்ட்' சேர்த்து அதை மௌனமாக்குங்கள். பதிலுக்கான இரண்டாம் விதி, கொடி ஏறியிருந்தால் மட்டும் பேசட்டும். ஒரே டிசிபி இணைப்பில் பல கோரிக்கைகள் அடுத்தடுத்து வரும். கொடி அந்த இணைப்பு முழுவதற்கும் உரியது. இறக்க மறந்தால் பின்னால் வரும் தொடர்பில்லாத பதிலும் மாட்டும்.

பதிலின் உடற்பகுதி பெரும்பாலும் ஜிஸிப்பில் சுருக்கப்பட்டு வரும். பாக்கெட்டின் கச்சா பைட்டுகளில் தேடினால் எதுவும் கிடைக்காது. சுரிகாட்டாவில் 'ஃபைல்.டேட்டா' பஃபரை (தேட வேண்டிய தரவுப் பகுதியை) விதியில் குறிப்பிட்டால் விரித்த உடலில் தேடும். அப்போதும் எல்லை உண்டு: ரெஸ்பான்ஸ்-பாடி-லிமிட் வழக்கமாக 100 கேபி. ஸ்னார்ட் 2இல் சர்வரின் பதிலில் எவ்வளவு பார்ப்பது என்பதைக் குறிக்கும் சர்வர்_ஃப்ளோ_டெப்த் இயல்பு மதிப்பு 300 பைட். தலைப்புகளுக்கே சரியாகிவிடும், உடலைத் தேடுபவருக்குப் போதாது. 0 என்று வைத்தால் முழுவதையும் பார்க்கும், சுமை ஏறும். டிஎல்எஸ் மறையாக்கம் நீங்காத இடத்தில் இந்த விதிகள் எதுவும் எடுபடாது.

போக்குவரத்தின் ஒரு திசை மட்டும் சென்சாருக்கு (இந்த மென்பொருள் ஓடும் கணினிக்கு) வந்தாலும் இதே கதிதான்; இணைப்பு நிறுவப்பட்டதாக எஞ்சின் ஏற்காது, விதி ஊமையாகிவிடும். போக்குவரத்தின் நகலைச் சென்சாருக்கு அனுப்பும் சுவிட்சின் மிரர் போர்ட்டை முதலில் பாருங்கள். தடக்குறிக்குள் அரைப்புள்ளியோ இரட்டை மேற்கோளோ இருந்தால் ஹெக்ஸில் (பதினாறடி எண் வடிவில்) எழுதுங்கள். அப்படியே விட்டால் விதி ஏற்றப்படாது. நீங்கள் எழுதும் விதியின் அடையாள எண் (எஸ்ஐடி) 10,00,000க்கு மேல் இருக்கட்டும், அதற்குக் கீழே உள்ளவை பொது விதிகளுக்கு ஒதுக்கப்பட்டவை.

பதில் விதியில் 'மூல முகவரி' என்று எச்சரிக்கை காட்டுவது தாக்கப்பட்ட உங்கள் சர்வரைத்தான். மூலத்தைத் தானாகத் தடுக்கும் அமைப்பு இருந்தால், அது உங்கள் சர்வரையே அடைத்துவிடும். சுரிகாட்டாவில் 'டார்கெட்: எஸ்ஆர்சி_ஐபி' என்று விதியிலேயே எழுதிவிட்டால் பாதிக்கப்பட்டவர் யார் என்பது எச்சரிக்கையில் பதிவாகும், தடுப்பு அமைப்பு மூல முகவரியை விட்டு அந்தப் பதிவைப் படிக்குமாறு மாற்றிக்கொள்ளலாம்.