பருவங்களுக்குச் சாய்வு மட்டும் போதாது

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முடியும் நேரத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுக்கு வந்துவிடுகிறது. 'அப்ஹீலியன்' என்ற நிகழ்வால் பூமி சூரியனை விட்டு விலகப் போகிறது, வழக்கமாக 9 கோடி கிலோமீட்டராக இருக்கும் தொலைவு 15.2 கோடியாகிவிடும், ஆகஸ்ட் வரை குளிர் வாட்டும், சளியும் இருமலும் காய்ச்சலும் பரவும், எச்சரிக்கையாக இருங்கள் என்கிறது அது. "இது உண்மையா?" என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு வாசகி மட்டும் கூடுதலாக ஒன்றைக் கேட்டார்: "தொலைவு காரணமில்லை, பூமியின் சாய்வுதான் காரணம் என்று பள்ளியில் படித்தேன். ஆனால் பூமி எப்போதுமே சாய்ந்துதானே இருக்கிறது? பிறகு பருவம் ஏன் மாறுகிறது?"

இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்காக. வாட்ஸ்அப் செய்தியை முதலில் முடித்துவிடலாம்.

அப்ஹீலியன் உண்மையான நிகழ்வுதான். பூமி செல்லும் பாதை முழு வட்டமாக இல்லாமல் மிக லேசாக நீண்டிருக்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் நாம் சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.71 கோடி கிலோமீட்டரில் இருக்கிறோம். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில், சுமார் 15.21 கோடி கிலோமீட்டரில். வித்தியாசம் 50 லட்சம் கிலோமீட்டர். மொத்தத் தொலைவோடு ஒப்பிட்டால் இது 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கிடைக்கும் வெயிலில் சுமார் 7 சதவீத வேறுபாட்டை உண்டாக்கும். செய்தியில் வரும் 9 கோடி என்ற எண்ணுக்கு எந்த அடிப்படையும் கிடையாது. வெள்ளிக் கோளே சூரியனிலிருந்து 10.8 கோடி கிலோமீட்டரில்தான் சுற்றுகிறது. பூமி 9 கோடிக்குப் போக வேண்டுமென்றால் வெள்ளியின் பாதையைத் தாண்டி உள்ளே நுழைய வேண்டும். ஆண்டுதோறும் அப்படிப் போய்த் திரும்பினால் நமக்குக் கிடைக்கும் வெயில் ஏறத்தாழ மூன்று மடங்கு ஏறி இறங்கும்.

அழகான ஒரு வானியல் நிகழ்வின் பெயரை எடுத்து, அதில் நோய் பயத்தைக் கலந்து பரப்புவது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. கிரகணத்தைக் கண்டு கதவடைத்த அதே அச்சம் இப்போது கைபேசி வழியாகப் பயணிக்கிறது. அதைப் பகிர்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பகிர்கிறார்கள். அதனால்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொலைவுதான் காரணம் என்றால் பூமி முழுவதும் ஒரே நேரத்தில் குளிர வேண்டும். ஜூலையில் வட அரைக்கோளத்தில் கோடை. தென் அரைக்கோளத்தில் குளிர்காலம். இரண்டுக்கும் சூரியன் ஒரே தொலைவில்தான் இருக்கிறது. இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பூமி முழுமைக்கும் சராசரி வெப்பநிலையை எடுத்தால், சூரியனை விட்டு மிக விலகியிருக்கும் ஜூலையில்தான் அது அதிகம்! உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வடக்கே இருக்கிறது. கடலைவிட நிலம் விரைவாகச் சூடேறும். வடக்கின் கோடை, தொலைவால் வரும் 7 சதவீத இழப்பை மிஞ்சிவிடுகிறது.

இனி சாய்வு. பூமியின் சுழல் அச்சு, பாதையின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்காமல் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. இதன் விளைவுகள் இரண்டு: வெயில் விழும் கோணம் மாறுகிறது, பகலின் நீளம் மாறுகிறது. 45 டிகிரி வட அட்சத்தில் உள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் 21 நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் நிற்கும். ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்புள்ள ஒளிக்கற்றை, தரையில் 1.1 சதுர மீட்டருக்குள் விழுந்துவிடும். டிசம்பர் 21 நண்பகலில் சூரியனின் உயரம் 22 டிகிரிக்கும் குறைவு. அதே கற்றை 2.7 சதுர மீட்டரில் பரவிக் கிடக்கும். பகலும் பதினைந்தரை மணி நேரத்திலிருந்து எட்டே முக்கால் மணி நேரமாகச் சுருங்கிவிடும். இரண்டையும் சேர்த்து, காற்றுமண்டலத்தின் உச்சியில் வந்து சேரும் ஆற்றலைக் கணக்கிட்டால், ஜூன் நாள் டிசம்பர் நாளைப் போல நான்கு மடங்கு பெறுகிறது. தொலைவின் 7 சதவீதத்தை இந்த நான்கு மடங்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பகலின் நீளத்தை நாம் பெரும்பாலும் குறைத்து மதிப்பிடுகிறோம். ஜூன் 21 அன்று காற்றுமண்டல உச்சியில் 24 மணி நேரத்துக்குக் கணக்கெடுத்தால், வட துருவம் பெறும் சூரிய ஆற்றல் நிலநடுக்கோடு பெறுவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். சூரியன் தாழ்வாகத்தான் நிற்கிறது. ஆனால் மறைவதே இல்லை. அப்படியும் துருவம் சூடேறாததற்குக் காரணம் பனி. வரும் ஒளியில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பங்கு பனியை உருக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

இவ்வளவும் பள்ளிப் பாடம். வாசகியின் கேள்விக்கு இது இன்னும் பதிலாகவில்லை.

"வட துருவம் ஜூனில் சூரியனை நோக்கிச் சாய்கிறது, டிசம்பரில் விலகிச் சாய்கிறது" என்று பாடங்களில் எழுதப்படுகிறது. படிப்பவர் மனதில் பூமி ஆண்டுக்கு ஒருமுறை தலையை முன்னும் பின்னும் அசைக்கும் சித்திரம் எழுந்துவிடுகிறது. பூமி அப்படி எதுவும் செய்வதில்லை. ஜூனிலும் சரி, டிசம்பரிலும் சரி, அதன் அச்சு துருவ நட்சத்திரத்துக்கு மிக அருகே ஒரே திசையைத்தான் சுட்டி நிற்கிறது. ஆறு மாதத்தில் பூமி 30 கோடி கிலோமீட்டர் தள்ளிப் பாதையின் மறுபக்கம் போய்விடுகிறது. ஆனால் துருவ நட்சத்திரம் நானூறுக்கும் மேற்பட்ட ஒளியாண்டுகள் தொலைவில் இருப்பதால், அந்த 30 கோடி கிலோமீட்டர் வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை.

அறையின் நடுவே ஒரு விளக்கை வைத்து, ஒரு பந்தில் குச்சியைச் செருகிச் சற்றே சாய்த்துப் பிடித்துக்கொண்டு விளக்கைச் சுற்றி நடந்து பாருங்கள். குச்சியின் மேல்முனை, அறைக்குள் நீங்கள் எங்கே இருந்தாலும், கிழக்குச் சுவரின் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். விளக்குக்கு மேற்கே நிற்கும்போது பந்தின் மேல்பாதி விளக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும். கிழக்கே போய்ச் சேரும்போது அதே மேல்பாதி விளக்கை விட்டு விலகியிருக்கும். குச்சியை நீங்கள் அசைக்கவே இல்லை. பந்துக்குக் கோடை போய்க் குளிர்காலம் வந்துவிட்டது. இப்போது இன்னொரு சுற்று. இம்முறை குச்சியின் முனை எப்போதும் விளக்கின் பக்கமே சாய்ந்திருக்கும்படி கையைத் திருப்பிக்கொண்டே நடங்கள். சாய்வு அதே அளவுதான். ஆனால் பந்தின் மேல்பாதிக்கு முடிவே இல்லாத கோடை, கீழ்பாதிக்கு முடிவே இல்லாத குளிர். பருவம் என்ற ஒன்றே அங்கு இல்லை!

ஆகவே சாய்வு இருந்தால் மட்டும் போதாது. பூமி சுற்றிவர, அச்சு திசை மாறாமல் நிற்க வேண்டும். பருவங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் நான் வந்து நின்றுவிடும் இடம் இதுதான்.

அச்சு ஏன் திரும்புவதில்லை? சூரியன்தான் பூமியைப் பிடித்து இழுத்து ஆண்டு முழுவதும் அதன் பாதையை வளைத்துக்கொண்டே இருக்கிறதே, அச்சையும் சேர்த்து வளைத்தால் என்ன? விடை கோண உந்தத்தில் இருக்கிறது. சுழலும் பொருள் தன் சுழல் அச்சின் திசையைத் தானாக விட்டுக்கொடுக்காது. அதை மாற்ற வேண்டுமென்றால் அச்சை முறுக்கும் விசை வேண்டும். பொருளை வெறுமனே இழுப்பது வேறு, முறுக்குவது வேறு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான ஒரு முழு உருண்டையைச் சூரியன் எவ்வளவு இழுத்தாலும் அந்த இழுப்பு மையத்தின் வழியாகவே செல்லும். பாதை வளையும், அச்சு அசையாது. முறுக்குவதற்கு உருண்டையில் பிடி எதுவும் இல்லை.

ஆனால் பூமி முழு உருண்டை இல்லை. சுழற்சியால் அதன் இடுப்பு பருத்திருக்கிறது. துருவத்திலிருந்து துருவம் வரையிலான விட்டத்தைவிட நிலநடுக்கோட்டு விட்டம் சுமார் 43 கிலோமீட்டர் அதிகம். இந்தச் சிறு பருமன்தான் சூரியனுக்கும் நிலவுக்கும் கிடைத்த பிடி. இரண்டும் சேர்ந்து பருத்த இடுப்பை இழுத்துச் சாய்ந்த அச்சை நிமிர்த்தப் பார்க்கின்றன. பம்பரம் விட்டவர்களுக்கு அடுத்து நடப்பது தெரியும். சாய்ந்து சுழலும் பம்பரத்தைப் புவியீர்ப்பு கீழே தள்ளப் பார்க்க, பம்பரமோ விழாமல் தலையை மெல்ல வட்டமிடும். பூமியும் நிமிராமல், அதே சாய்வோடு, அச்சின் முனையால் வானத்தில் ஒரு பெரிய வட்டம் வரைகிறது. ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ 25,800 ஆண்டுகள் ஆகும். ஓர் ஆண்டுக்குள் பார்த்தால் அச்சு அசையவில்லை என்றே சொல்லிவிடலாம். மனித வரலாற்றின் அளவில் அது நன்றாகவே நகர்ந்திருக்கிறது. ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வடக்கைக் காட்டியது தூபன் என்ற மங்கலான விண்மீன். இன்னும் 12,000 ஆண்டுகள் போனால் வேகா என்ற விண்மீன் அந்த இடத்துக்கு அருகில் வரும்.

இதைத் தொலைநோக்கி இல்லாமல் கண்டுபிடித்தவர் கிமு இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ். தனக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பு டிமோகாரிஸ் என்ற வானியலாளர் குறித்துவைத்த சித்திரை நட்சத்திரத்தின் இடத்தைத் தன் அளவீட்டோடு ஒப்பிட்டார். சுமார் 2 டிகிரி நகர்ந்திருந்தது. முன்னவர் குறித்துவைக்காமல் போயிருந்தால் பின்னவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. காரணத்தை நியூட்டன் 1687இல் விளக்கினார்.

அச்சின் இந்த மெதுவான வட்டத்தால், தொலைவுக்கும் பருவத்துக்கும் உள்ள உறவு மாறிக்கொண்டே வருகிறது. பூமியின் நீள்வட்டப் பாதையும் மெல்லத் திரும்புவதால், இரண்டும் சேர்ந்து சுமார் 21,000 ஆண்டுக்கு ஒரு சுழற்சியாக அமைகின்றன. இன்று வடக்கின் கோடை, பூமி தொலைவில் இருக்கும்போது வருகிறது. அப்போது பூமி மெதுவாக நகர்வதால், பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் சமநாளிலிருந்து செப்டம்பர் சமநாள் வரை 186 நாட்கள். மறுபாதிக்கு 179 நாட்களே. பத்துப் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலைமை தலைகீழ். வடக்கின் கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் இருந்தது. வட அரைக்கோளக் கோடை வெயில் இன்றைவிடச் சுமார் 7 சதவீதம் அதிகம். வட ஆப்பிரிக்காவின் நிலம் கூடுதலாகச் சூடேறி, கடலின் ஈரக்காற்றை வெகுதூரம் உள்ளே இழுத்தது. இன்றைய சகாரா அன்று புல்வெளியும் ஏரியுமாக இருந்தது. அல்ஜீரியாவின் தசீலி மலைப் பாறைகளில் அக்கால மக்கள் தீட்டிய மாட்டு மந்தைகளை இன்றும் பார்க்கலாம். தொலைவு பருவத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் பருவத்தின் கடுமையைக் கூட்டவும் குறைக்கவும் அதனால் முடியும்.

இந்தச் சுழற்சிகளோடு, 41,000 ஆண்டுகளில் அச்சின் சாய்வே 22.1 முதல் 24.5 டிகிரி வரை மாறிவருவதையும் சேர்த்துக் கையாலேயே கணக்கிட்டவர் செர்பிய அறிவியலாளர் மிலுடின் மிலன்கோவிச். முதல் உலகப் போரில் சிறைபிடிக்கப்பட்டுப் புடாபெஸ்டில் காவலில் இருந்தபோதும் அந்த வேலையை அவர் விடவில்லை. வடக்கின் கோடை வெயில் குறையும் காலங்களில் பனி உருகாமல் குவிந்து பனியுகம் வருகிறது என்றார். பலர் ஏற்கவில்லை. 1958இல் இறந்தார். ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்ற மூவர் ஆழ்கடல் வண்டல் படிவங்களில் அதே சுழற்சிகள் பதிந்திருப்பதைக் காட்டியது 1976இல்.

கடலடியை மணிக்கணக்கில் துளைத்து, நீண்ட உருளைகளாகச் சேற்றை எடுத்துவருவது செலவு பிடிக்கும் வேலை. உடனடிப் பயன் எதையும் காட்ட முடியாது. நிதி கேட்கப் போகிறவர்கள் திணறுவார்கள். ஆனால் சகாரா எப்போது காய்ந்தது என்பதற்கான துல்லியமான சான்று அத்தகைய சேற்றிலிருந்துதான் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் 1980களில் எடுத்த ஓர் உருளையில், சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் காற்று கொண்டுவந்த பாலைத் தூசி திடீரென்று கூடுகிறது. அந்த ஆய்வு வெளியானது 2000இல். உருளையை எடுத்த ஆண்டில் கணக்குக் கேட்டிருந்தால் காட்டுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

அதை எடுத்துவந்த ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பலின் அறிவியல் பயணங்கள், நிதி புதுப்பிக்கப்படாததால் 2024இல் முடிவுக்கு வந்தன. நாற்பது ஆண்டுகளாக உலகின் பல நாட்டு ஆய்வாளர்களைச் சுமந்த கப்பல் அது. காலநிலை மாற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசும் உலகம், பழைய காலநிலையைப் படிக்கும் கருவியைக் கைவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பு எடுத்த உருளைகள் ஜெர்மனியின் பிரெமன் உள்ளிட்ட கிடங்குகளில் குளிரறைகளில் பாதுகாக்கப்பட்டு, கேட்கும் ஆய்வாளர்களுக்கு இன்றும் வெட்டித் தரப்படுகின்றன. துளைக்கப்படாத கடலடியோ ஏராளமாக மிச்சமிருக்கிறது. அங்கே போக இன்னொரு கப்பலுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.