தண்ணீரைக் கெட்டியாக்கி எண்ணெய் எடுப்பது

எண்ணெய் நிலத்தடியில் குளம்போலக் கிடப்பதில்லை. மணற்பாறையின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் ஊறிக் கிடக்கிறது. கிணறு தோண்டினால் முதலில் தன் அழுத்தத்தாலேயே மேலே வரும். அழுத்தம் குறைந்ததும் பக்கத்துக் கிணறுகள் வழியே தண்ணீரைச் செலுத்தித் தள்ளுவார்கள். அதற்கப்புறமும் பெரும்பாலான எண்ணெய் வயல்களில் பாதிக்கு மேல் பாறையிலேயே தங்கிவிடுகிறது.

காரணம், தண்ணீர் எண்ணெயைவிட இளக்கமானது. எண்ணெயை ஒரே வரிசையாகத் தள்ளாமல், விரல் விரலாக அதற்குள் புகுந்து, சுலபமான வழியில் உற்பத்திக் கிணற்றுக்கு ஓடிவிடும். மடை உடைந்தால் தண்ணீர் உடைப்பு வழியே போய், மீதி வயல் காய்வதில்லையா, அதுபோலத்தான்.

சரி, தண்ணீரையே கெட்டியாக்கினால்? அதற்குத்தான் பாலிஅக்ரிலமைடு என்ற தூள். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் நீளமான சங்கிலி. லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கலந்தாலே, உப்பில்லாத தண்ணீரின் பிசுபிசுப்பு பல பத்து மடங்கு கூடும். இவ்வளவு கொஞ்சம் எப்படிப் போதும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். தண்ணீரின் மூலக்கூறு எடை 18. இந்தச் சங்கிலியின் எடை ஒரு கோடியைத் தாண்டும். எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தும் வகையில், அதன் நெடுகிலும் எதிர்மின் சுமைகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று விலக்குவதால் சங்கிலி விரிந்து, தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரையெல்லாம் இழுத்துப் பிடிக்கிறது.

உப்பு வந்தால் கதை மாறும். சோடியம், அதைவிட மோசமாகக் கால்சியம், அந்தச் சுமைகளை மறைத்துவிடும். விலக்கம் போனதும் சங்கிலி சுருண்டுகொள்ளும், பிசுபிசுப்பும் இறங்கிவிடும்.

வடகிழக்குச் சீனாவின் தாச்சிங் எண்ணெய் வயலில் இந்த முறை நன்றாகப் பலித்ததற்கு இதுவும் காரணம். அங்கே நிலத்தடி நீரில் உப்பு குறைவு, பாறையின் வெப்பமும் 45 டிகிரி செல்சியஸ்தான். 1990களின் நடுவில் பெரிய அளவில் தொடங்கினார்கள். பாறையில் முதலில் இருந்த எண்ணெயில் சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்து மங்களா வயலிலும் இதே முறைதான்.

உப்பு அதிகமான இடத்துக்கு சாந்தன் பசை உண்டு. ஐஸ்கிரீமில் சேர்க்கிறார்களே, அதேதான். விறைப்பான சங்கிலி என்பதால் உப்புக்கு அசையாது. ஆனால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும்.

கலப்பதிலும் பக்குவம் வேண்டும். தூளை மொத்தமாகக் கொட்டினால் கேழ்வரகு மாவுபோலக் கட்டி தட்டி, அந்தக் கட்டிகள் பாறையின் துளைகளை அடைத்துவிடும். நன்றாகக் கரைந்த பிறகும் குறுகலான வால்வில் வேகமாகச் செலுத்தினால் சங்கிலிகள் அறுந்துபோகும். அறுந்தவை மறுபடி ஒட்டாது.