சினர்ஜிசம்: ‘கூட்டுவிளைவு’ என்றால் போதுமா?

கருவில் வளரும் குழந்தையைப் பூச்சிக்கொல்லிகளும் கன உலோகங்களும் சேர்ந்து தாக்குவதைப் பற்றிய நச்சியல் எழுத்துகளில் ‘சினர்ஜிசம்’ என்னும் சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் எழுதுவோர் பலர் இதனைக் ‘கூட்டுவிளைவு’ என்று பெயர்க்கின்றனர். எளிய சொல்தான்; ஆனால் மூலச்சொல்லின் உயிரான பொருள் அதில் தப்பிவிடுகிறது என்று கருதுகிறேன்.

கிரேக்க மொழியில் ‘சின்’ என்றால் உடன், ‘எர்கான்’ என்றால் வேலை. ‘சினர்கோஸ்’ என்பவன் உடனிருந்து வேலை செய்பவன். இறையருளும் மனித விருப்பமும் சேர்ந்தே மீட்பைத் தருகின்றன என்ற கிறித்தவ இறையியல் கொள்கைக்குப் பெயராக ஐரோப்பிய மொழிகளில் வழங்கிய சொல், பின்னர் மருந்தியலுக்கும் நச்சியலுக்கும் வந்தது. நஞ்சுகள் சேர்ந்து செயல்படும் முறைகளை 1939-இல் வகைப்படுத்திய அமெரிக்க உயிரியலாளர் செஸ்டர் பிளிஸ், தனித்தனிச் செயல் (ஒவ்வொரு நஞ்சும் தன் வழியில் தாக்குவது), ஒத்த செயல் (இரண்டும் ஒரே வழியில் தாக்குவது) ஆகியவற்றிலிருந்து சினர்ஜிசத்தைப் பிரித்துக் காட்டினார். இரண்டு நஞ்சுகளின் விளைவுகளைத் தனித்தனியே அறிந்து கணக்கிட்டால் கிடைக்கும் அளவைவிட, அவை சேரும்போது விளைவு மிகுந்தால்தான் அது சினர்ஜிசம்.

பூச்சிக்கொல்லித் தொழிலே இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டைத் தருகிறது. பைப்பரோனில் பியூட்டாக்சைடு என்னும் சேர்மத்துக்குப் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் மிகக் குறைவு. எனினும் சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லியான பைரெத்ரின் நஞ்சைச் சிதைக்கப் பூச்சியின் உடலில் உள்ள நொதிகளை அது முடக்கிவிடுவதால், அதனுடன் கலந்த பைரெத்ரின் பன்மடங்கு வலிமை பெறுகிறது. கொல்லும் வேலையை ஒன்று செய்கிறது, காவலை மற்றொன்று நீக்குகிறது.

கருவின் நிலையில் கவலை தருவதும் இத்தகைய காவல் நீக்கமே. குளோர்பைரிஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளின் வீரியம் மிக்க வடிவங்களைச் சிதைக்க உதவும் பாராக்சோனேஸ் நொதி, பிறந்த குழந்தையிடத்திலேயே பெரியவர்களைவிடக் குறைவாக இருக்கிறது. ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள் அந்நொதியின் செயலைக் குறைப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. தாயின் எலும்பில் பல ஆண்டுகளாகத் தங்கியிருந்த ஈயம், கருவுற்ற காலத்தில் கால்சியத்துடன் இரத்தத்தில் கலந்து கருவை அடைகிறது. காட்மியத்தை நஞ்சுக்கொடி பெருமளவு தடுத்து நிறுத்தினாலும், அங்கே தேங்கும் காட்மியம் கருவுக்குச் செல்லவேண்டிய துத்தநாகத்தின் வழியை மறிக்கிறது. (கருவுக்கு உணவூட்டும் உறுப்பின் பெயரிலேயே தமிழ் ‘நஞ்சு’ என்பதை வைத்திருப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.) பூச்சிக்கொல்லி வேறு, உலோகம் வேறு என்ற பிரிவுகூட எப்போதும் நிலைப்பதில்லை: ஈய ஆர்சனேட் பழத்தோட்டங்களில் தெளிக்கப்பட்ட பூச்சிக்கொல்லி; ஈராக்கில் 1971–72-இல் பேரளவில் நஞ்சேற்றத்தை உண்டாக்கி, தாயின் வயிற்றிலிருந்த குழந்தைகளின் மூளையையும் சிதைத்த மெத்தில் பாதரசம், விதைத் தானியத்தில் பூசப்பட்ட பூஞ்சைக்கொல்லி.

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழில் ‘கூட்டல்’ என்பது கணக்கில் இரண்டும் மூன்றும் ஐந்தாவது. ஆகவே ‘கூட்டுவிளைவு’ என்று படிப்பவர், இரு நஞ்சுகளின் தீங்கும் வெறுமனே ஒன்றன்மேல் ஒன்று சேர்கிறது என்றே கொள்வார். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே வரம்பு விதித்தால் போதும் என்ற எண்ணத்துக்கும் இது இடமளித்துவிடும். மாற்றாக எண்ணக்கூடிய ‘ஒத்திசைவு’ இசைக்கும் இயற்பியலுக்கும் உரியது. தீங்கைச் சொல்ல அது பொருந்தாது. ‘கூட்டாற்றல்’ நிறுவன மேலாண்மைக்கு ஏற்கலாம், ஆனால் நன்மையையே நினைவூட்டுகிறது.

கூடுவதால் பெருகுவது என்னும் பொருளில் ‘கூட்டுப்பெருக்கம்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். பைப்பரோனில் பியூட்டாக்சைடு போன்ற பொருளைக் ‘கூட்டுப்பெருக்கி’ எனலாம். சேர்ந்து செயல்படும் எல்லா வகைக்கும் பொதுப்பெயராகக் ‘கூட்டுவிளைவு’ இருக்கட்டும். செலினியம் பாதரசத்துடன் பிணைந்து அதன் நச்சுத்தன்மையைக் குறைப்பதுபோல், ஒன்று மற்றொன்றின் தீங்கை மட்டுப்படுத்தும் நிலையைக் ‘கூட்டுத்தணிவு’ என்று சொல்லலாம்.