கன்ட்ரோலர் வாங்குவதற்கு முன் இன்ஜினைத் திறந்து பாருங்கள்

மாடல் ரயில் இன்ஜின்களின் மோட்டாரையும் டிகோடரையும் (டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சின்னப் பலகை) பழுதுபார்ப்பது என் தொழில். போன வாரமும் ஒரு இன்ஜின் மேசைக்கு வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் அப்பாவுக்குப் புது டிசிசி கன்ட்ரோலர் (தண்டவாளத்தின் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் பெட்டி) வாங்கி அனுப்பியிருக்கிறார். இன்ஜின் பழையது, டிகோடர் இல்லாத சாதாரண டிசி இன்ஜின். தண்டவாளத்தில் வைத்ததும் 'ங்ங்' என்று ஒரு சத்தம் வந்திருக்கிறது, இன்ஜின் நகரவில்லை. "கொஞ்ச நேரம் விட்டா ஓடும்னு நெனச்சோம் சார்" என்றார் அப்பா. உள்ளே இருந்தது கோர்லெஸ் மோட்டார், அதாவது சுருளுக்குள் இரும்பு மையம் இல்லாதது. சுருள் கருகிவிட்டது. அதே மாடலுக்கு மாற்று மோட்டார் இங்கே கிடைப்பதில்லை.

இப்படி வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கம்பெனி சிஸ்டம் நல்லது?" கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. உங்கள் தண்டவாளம் எந்த வகை, இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்ற இரண்டும் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய டிசி முறையில் தண்டவாளத்தில் வோல்ட் ஏறினால் இன்ஜின் வேகமாகப் போகும், துருவத்தை மாற்றினால் பின்னால் போகும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும். எச்ஓ அளவுக்கு (நிஜ ரயிலின் 87-இல் ஒரு பங்கு) பெரும்பாலும் 14 முதல் 16 வோல்ட். அதன் துருவம் நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறிக்கொண்டே இருக்கும். டிகோடர் இல்லாத மோட்டாருக்கு அது வெறும் சூடு. ஓடாமல் நிற்கும்போதுதான் ஆபத்து அதிகம். சில கன்ட்ரோலர்களில் முகவரி (இன்ஜினை அழைக்கும் எண்) 0 போட்டு டிசி இன்ஜினை ஓட்டும் வசதி உண்டு. கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு உடனே எடுத்துவிடுபவர்களுக்கான வசதி அது. கோர்லெஸ் மோட்டார் என்றால் அதற்கும் ஆசைப்படாதீர்கள்.

சரி, என்னை மிகவும் படுத்துவது "டிஜிட்டல் என்றால் எல்லாம் ஒன்றுதானே?" என்ற எண்ணம். ஒன்றே இல்லை. டிசிசி ஒரு கம்பெனியின் பெயர் அல்ல, ஒரு பொதுத் தரநிலை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ சங்கம் 1990-களில் அதைத் தரநிலையாக ஏற்றது. அதில் சிக்னலின் அளவு வரை எழுதியிருக்கிறது: '1' என்ற பிட்டின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோசெகண்ட், '0' என்றால் குறைந்தது சுமார் 100. அதனால்தான் டிஜிட்ராக்ஸ் கம்பெனியின் கன்ட்ரோலர் பெட்டியில் இஎஸ்யூ டிகோடர் ஓடுகிறது, என்சிஇ பெட்டியில் லென்ஸ் டிகோடர் ஓடுகிறது. ஒரு கம்பெனியின் பெட்டியை வாங்கியதால் எல்லா இன்ஜினையும் அதே கம்பெனியில் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் ஜெர்மனியின் மெர்க்லின் எச்ஓ செட் வேறு உலகம். தண்டவாளத்தின் நடுவில் புள்ளி புள்ளியாகத் தெரியும் உலோக முனைகளில் இருந்துதான் அந்த இன்ஜின் மின்சாரம் எடுக்கிறது. இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே காப்பு கிடையாது. அதைத் தூக்கிச் சாதாரண இரு தண்டவாளத்தில் வைத்தால் அந்த நொடியே ஷார்ட். டிகோடர்களிலும் மோட்டரோலா, 2004-இல் வந்த எம்எஃப்எக்ஸ் என்று தனி மொழிகள் உண்டு. மெர்க்லினின் சென்ட்ரல் ஸ்டேஷன் 3, இஎஸ்யூவின் ஈகோஸ் போன்ற கன்ட்ரோலர்கள் டிசிசியோடு இவற்றையும் பேசும். பேசினாலும் சக்கரம் சக்கரம்தான், கன்ட்ரோலரை மாற்றினால் ஷார்ட் போகாது. அமெரிக்காவிலிருந்து வரும் லயனல் ஓ அளவு இன்ஜின்களின் டிஎம்சிசி இன்னொரு தனி முறை. எம்டிஎச்சின் டிசிஎஸ் மற்றொன்று. இவற்றில் ஒன்றின் ரிமோட் இன்னொன்றை ஓட்டும் என்று கடைக்காரர் சொன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அட்டைப்பெட்டியில் 'டிசிசி ரெடி' என்று இருந்தால் உள்ளே டிகோடர் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். இல்லை. 8 பின், 21 பின், நெக்ஸ்ட்18, பிளக்ஸ்22 என ஏதோ ஒரு சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். டிகோடரை நீங்கள்தான் தனியாக வாங்க வேண்டும், அந்தச் சாக்கெட்டுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்க வேண்டும். டிகோடரோடு வரும் இன்ஜினின் பெட்டியில் அது பொருத்தியாயிற்று என்று தனியாக எழுதியிருக்கும்.

டிகோடர் பக்கம் எல்லாம் பொது என்றேன். கையில் பிடித்து இன்ஜினை ஓட்டும் த்ராட்டில் பக்கம் அப்படி இல்லை. அதைப் பெட்டியோடு இணைக்கும் வயர் முறை (பஸ்) எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. டிஜிட்ராக்ஸ், ஊலன்ப்ராக் பெட்டிகளுக்கு லோகோநெட். லென்ஸுக்கு எக்ஸ்பிரஸ்நெட். என்சிஇக்கு அதன் சொந்த கேப் பஸ். டெலிபோன் பிளக் மாதிரி ஒரே தோற்றத்தில் இருப்பதால் ஒன்றை இன்னொன்றில் செருகிவிடுகிறார்கள். செய்யாதீர்கள், உள்ளே வயர் வரிசை வேறு. உண்மையில் கம்பெனி எது என்று நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். இன்று ஒரு பெட்டி வாங்கினால் நாளை இரண்டாவது த்ராட்டில், பூஸ்டர் (தண்டவாளத்துக்குக் கூடுதல் மின்சாரம் தரும் பெட்டி) எல்லாம் பெரும்பாலும் அந்த பஸ்ஸையே சார்ந்து இருக்கும். பக்கத்தில் ஒரு நண்பர் எந்த முறையை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பழுதானால் கடன் வாங்கிச் சோதிக்க ஒரு த்ராட்டில் கிடைப்பது எந்த விளம்பரத்தையும் விடப் பெரிய உதவி.

போனில் ஓட்டினால் போதும் என்றால் ரோகோவின் இசட்21 வகை நல்லது. ஆனால் விலை குறைந்த இசட்21 ஸ்டார்ட்டில் வைஃபை, லேன் இரண்டுக்கும் அன்லாக் கோடு தனியாக வாங்க வேண்டும். அதையும் சேர்த்து விலையைக் கணக்குப் போடுங்கள். பேக்மன் ஈசி கமாண்ட் மாதிரியான தொடக்கப் பெட்டியில் முகவரியை மாற்றலாம், ஓட்டலாம். டிகோடரின் மற்ற அமைப்புகளை அதில் தொட முடியாது. சவுண்ட் இன்ஜின் வாங்கும் எண்ணம் இருந்தால் சீக்கிரமே கை கட்டிப் போட்ட மாதிரி இருக்கும். சால்டரிங் தெரிந்தவர்களுக்கு நான் டிசிசி-இஎக்ஸ் என்றே சொல்வேன். ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகை, அதன் மேல் செருகும் ஒரு மோட்டார் ஷீல்டு, இலவச மென்பொருள், இவற்றால் நாமே செய்யும் கன்ட்ரோலர் அது. பாகங்கள் இங்கேயே கிடைக்கும். சின்ன லேஅவுட்டுக்கு (தண்டவாள அமைப்பு) தாராளம்.

ஆம்பியர் அதிகமாக இருந்தால் நல்லது என்பதும் தவறு. இன்றைய எச்ஓ இன்ஜின் பெரும்பாலும் அரை ஆம்பியருக்குள் ஓடிவிடும். வீட்டு லேஅவுட்டுக்கு 2, 3 ஆம்பியர் போதும். 8 ஆம்பியர் பூஸ்டரை எச்ஓவில் மாட்டினால், ரயில் பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது அத்தனை மின்சாரமும் ஒரு சக்கரத்தின் வழியாகப் பாயும். உருகிப்போன பிளாஸ்டிக் போகிகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வயரிங் முடிந்ததும் கன்ட்ரோலரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள தண்டவாளத்தின் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். கன்ட்ரோலர் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். வெட்டவில்லை என்றால் வயர் மெல்லியது, அல்லது இணைப்பு போதவில்லை. அதைச் சரிசெய்யாமல் இன்ஜினை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

பழைய டிசி கன்ட்ரோலரையும் டிசிசி பெட்டியையும் ஒரே தண்டவாளத்தில் சேர்த்து இணைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே வெறும் இடைவெளி விட்டாலும் போதாது, ஒரு இன்ஜின் அந்த இடைவெளியைக் கடக்கும் நொடியில் இரண்டும் இணைந்துவிடும். அமெரிக்க செட்டோடு வரும் பழைய பவர் பேக் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள், அதற்குள் போயிருக்கும். புது இன்ஜின் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகிறதா? கன்ட்ரோலர் கெட்டுப்போகவில்லை. புது டிகோடர்கள் வழக்கமாக முகவரி 3-இல்தான் வரும். ஒன்றை மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும். மாற்றும்போது மற்ற இன்ஜின்களைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது தனி புரோகிராமிங் தண்டவாளத்தில் மாற்றுங்கள்.

வாங்குவதற்கு முன் இன்ஜினைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். அட்டைப்பெட்டியின் லேபிள், தண்டவாளத்தின் ஒரு துண்டு, முடிந்தால் மேல்மூடியைக் கழற்றி உள்ளே தெரியும் பலகை, இவற்றையும் எடுத்து யாராவது பழுதுபார்ப்பவரிடம் காட்டிக் கேளுங்கள். கடைக்குப் போகும் முன்பே கேளுங்கள், தயவுசெய்து. அந்தப் படங்களைப் பார்த்தாலே எந்த முறை பொருந்தும் என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.