பிண்ணாக்கைக் கழிவு என்று எழுதலாமா?

கறவை மாடுகளின் தீவனம் குறித்து மொழிபெயர்க்கப்படும் கையேடுகளிலும் கட்டுரைகளிலும் ‘எண்ணெய்வித்துக் கழிவுகள்’ என்றொரு தொடர் வேரூன்றி வருகிறது. எள், நிலக்கடலை, பருத்திக்கொட்டை, சூரியகாந்தி, சோயா முதலியவற்றிலிருந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பொருளை இத்தொடரால் குறிக்கிறார்கள். அப்பொருளுக்குத் தமிழில் பிண்ணாக்கு என்று பெயர். மாடு வளர்க்கும் எவருக்கும் விளக்கமின்றிப் புரிகிற இந்தச் சொல்லைத் தள்ளிவைத்துவிட்டுக் கழிவு என்று எழுதுவது, சொல்லவந்த பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது.

சொல்லின் பிறப்பு நீண்ட கதையன்று. வடமொழியில் ‘பிண்யாக’ என்ற சொல் இதே பொருளில் வழங்குவதால் அதுவே மூலம் என்பார் உண்டு. மலையாளத்திலும் பிண்ணாக்குதான். கன்னடத்தில் இதை ஹிண்டி என்பார்கள். அம்மொழியில் ஹிண்டு என்றால் பிழிதல். பால் என்பது அங்கே ஹாலு ஆவதுபோலப் பகரம் ஹகரமாகத் திரிந்திருக்கிறது. ஆகவே பிழிதல் என்ற பொருளில் பிறந்த திராவிடச் சொல்லே இது என்று கொள்ளவும் இடமுண்டு. எவ்வழியில் வந்திருப்பினும், எள்ளுப் பிண்ணாக்கு, கடலைப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு என்று எந்த வித்தோடும் இயல்பாகச் சேர்ந்து நிற்கும் ஒரு சொல்லை, வடமொழி வாடை இருக்கலாம் என்ற ஐயத்துக்காக விலக்கி ‘எண்ணெய்க்கட்டி’ என்று புதிதாக ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. புண்ணாக்கு என்பது பேச்சுத் திரிபு. பிடி புடியாகவும், பெண் பொண்ணாகவும் ஆவது போன்றதே இது. எழுத்தில் பிண்ணாக்கு என்பதே செம்மை. புண்ணாக்கு என்று எழுதினால் ‘புண் ஆக்கு’ என்று பிரித்துப் படிக்கவும் இடமுண்டு.

மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லைக் கண்டு ஒதுங்குவதற்கு ஒரு காரணம், அது வசைச்சொல்லாகவும் வழங்குவது என்று கருதுகிறேன். அறிவியல் கட்டுரைக்கு அது தகாது என்ற கூச்சம், பொருத்தமான சொல்லை விடுத்துப் பொருந்தாத சொல்லைத் தேட வைக்கிறது. அப்படித் தேடிக் கண்ட கழிவு, கழித்து ஒதுக்கப்பட்டதைக் குறிப்பது. சாணமும் மூத்திரமும் சாக்கடை நீரும் அதில் அடங்கும். மாட்டுப்பண்ணை பற்றிய எழுத்தில் இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. ‘மாடுகளுக்கு எண்ணெய்வித்துக் கழிவுகளை அளிக்கலாம், மாட்டுக் கழிவுகளைக் குழியில் சேமிக்கலாம்’ என்று அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். முதல் கழிவு மாட்டின் வாய்க்குப் போகிறது. இரண்டாவது அதன் உடலிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் உரையை எந்த விவசாயி மதிப்பார்?

சக்கை என்ற மாற்றும் சரியாகாது. சாறு போனபின் எஞ்சும் சாரமற்ற பகுதியே சக்கை. பிண்ணாக்கிலோ எண்ணெய் வெளியேற வெளியேறப் புரதத்தின் பங்கு கூடுகிறது. நிலக்கடலைப் பருப்பு 100 கிலோவில் ஏறத்தாழ 25 கிலோ புரதமும் 48 கிலோ எண்ணெயும் இருப்பதாகக் கொள்ளுங்கள். செக்கில் ஆட்டி எண்ணெயின் பெரும்பகுதியை எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் புரதம் 40 விழுக்காட்டைத் தாண்டிவிடும். கறவை மாட்டின் அடர்தீவனத்துக்கு (புல், வைக்கோலோடு சேர்த்துத் தரும் சத்துச் செறிந்த தீவனத்துக்கு) புரதம் தரும் முதன்மைப் பொருளைக் கழிவு என்றோ சக்கை என்றோ அழைப்பது அறிவியலுக்கும் ஒவ்வாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. பிண்ணாக்கு என்று எழுத வந்தால், எதன் பிண்ணாக்கு என்று சொல்லாமல் பெரும்பாலும் நகர முடியாது. கழிவு என்ற பொதுச்சொல் அந்தப் பொறுப்பிலிருந்து எழுதுபவரை விடுவித்துவிடுகிறது. ஆமணக்குப் பிண்ணாக்கில் ரைசின் என்ற நஞ்சு இருப்பதால் அது எருவாகவே பயன்படுகிறது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் கோசிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு. வளர்ந்த மாடுகள் அதை ஓரளவு தாங்கும், இளங்கன்றுகள் தாங்கா. கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகி, அதன் திரிபு பாலிலும் வந்து சேரும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்ததற்குத் தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டறிந்தார்கள். அஃப்ளாடாக்சின் அறியப்பட்டதே அந்த ஆய்வின் வழியாகத்தான். வித்தின் பெயரைச் சொல்லாத கலைச்சொல் தீவனத் துறையில் ஆபத்தானது.

‘துணைவிளைபொருள்’ என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. தொலி, தோடு, பிண்ணாக்கு அனைத்தையும் ஒருங்கே சுட்ட அது வேண்டும். பிண்ணாக்கை மட்டும் குறிக்கும் இடத்தில் அது தேவையற்ற சுற்றுவழி. பிண்ணாக்குக்குள்ளும் ஒரு வேறுபாட்டைக் காக்கவேண்டும். எக்ஸ்பெல்லர் என்னும் பிழிபொறியில் பிழிந்ததில் பொதுவாக 6 முதல் 10 விழுக்காடு வரை எண்ணெய் தங்கும், செக்கில் ஆட்டியதில் அதைவிடக் கூடுதலாகவும் தங்கலாம். ஹெக்சேன் போன்ற கரைப்பானால் எடுத்ததில் ஒரு விழுக்காட்டளவே மிஞ்சும். முன்னதில் எரிசக்தி மிகுதி. ஆயினும் மொத்தத் தீவனத்தில் கொழுப்பு அளவு மீறினால் முதல் இரைப்பையில் நார்ப்பொருள் செரிப்பது குறையும். பின்னதைத் தீவன வணிகர்கள் சொல்லும் ‘எண்ணெய் நீக்கிய தவிடு’ என்பதை ஒட்டி ‘எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கு’ என்றாலே தெளிவாக விளங்கும். ஆனால் ஆங்கிலத்தின் ‘மீல்’ (meal) என்பதை அகராதியில் பார்த்துச் ‘சோயா உணவு’ என்று எழுதுகிறார்கள். மாவு போல் பொடிந்த தீவனப் பொருளைக் குறிக்கும் சொல்லுக்கும் மனிதர் உண்ணும் வேளை உணவைக் குறிக்கும் சொல்லுக்கும் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றாக இருப்பதால் நேர்ந்த பிழை இது.

‘மாற்றுத் தீவனம்’ என்பதையும் எதற்கு மாற்று என்று சொல்லாமல் ஆளக்கூடாது. மாட்டுக்குப் பிண்ணாக்கு வைப்பது பழைய வழக்கம். இன்றைய ஆய்வுகள் பேசுவது பெரும்பாலும் ஒரு பிண்ணாக்குக்குப் பதில் வேறொன்றைத் தருவது பற்றியே. ஆகவே ‘பால் பசுக்களுக்கு எண்ணெய்வித்துக் கழிவுகளை மாற்று உணவாக வழங்கலாம்’ என்று எழுதும் இடத்தில், ‘கறவை மாடுகளின் அடர்தீவனத்தில் சோயாப் பிண்ணாக்கின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சூரியகாந்திப் பிண்ணாக்கைச் சேர்க்கலாம்’ என்று எழுத வேண்டும்.