சட்டைக்குள் பனியன்: வியர்வை எங்கே போகிறது?

சட்டைக்குள் பனியன் போட வேண்டுமா என்ற கேள்வியில் இரண்டு கட்சிகள் உண்டு. பனியன் வியர்வையை உறிஞ்சிவிடும், அதனால் உடம்பு குளிர்ச்சியாக இருக்கும் என்பது ஒரு கட்சி. வெயிலில் ஒரு துணியே அதிகம், இன்னொன்று எதற்கு என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மைதான். பனியன் உடம்பைக் குளிர்விப்பதில்லை. பல நேரங்களில் கொஞ்சம் சூடாக்கவே செய்கிறது. ஆனால் வியர்வை எங்கே தேங்கும், எங்கே பரவும், எங்கே கறையாகும் என்பதை அது மாற்றிவிடுகிறது. பனியன் வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்யலாம்.

முதலில் வெப்பக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியே தள்ளுகிறது. வேகமாக நடந்தால் இது 300 வாட்டைத் தாண்டும். தோலின் மேல் இருக்கும் ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதாவது ஒரு மணி நேரத்தில் 150 கிராம் ஆவியானால் 100 வாட் வெப்பம் கழிந்துவிடும். இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘ஆவியானால்’ என்பதுதான். வழிந்து சொட்டிய வியர்வையாலும், துணியில் ஊறி அப்படியே கிடக்கும் வியர்வையாலும் குளிர்ச்சி கிடைக்காது.

அது ஆவியாகுமா என்பதைக் காற்றின் ஈரப்பதம் தீர்மானிக்கிறது. 35 டிகிரி செல்சியஸில் உள்ள ஈரமான தோலுக்கு அருகே நீராவியின் அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். வெளியே 30 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அங்கே உள்ள அழுத்தம் 1.7 கிலோபாஸ்கல். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 3.4 கிலோபாஸ்கல். தோலருகே உள்ள அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் வியர்வையைக் காற்றுக்குள் தள்ளுகிறது. வறண்ட வெயிலில் 3.9 ஆக இருக்கும் தள்ளுவிசை, புழுக்கத்தில் 2.2 ஆகச் சரிந்துவிடுகிறது. அதனால்தான் வறண்ட காற்றில் பனியன் உறுத்தாமல் இருப்பவருக்கு, புழுக்கமான நாளில் அதே பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டுகிறது.

பனியன் சேர்க்கும் சூடு எவ்வளவு? உடைகளின் வெப்பத்தடையை ‘க்ளோ’ என்ற அலகில் அளக்கிறார்கள். 21 டிகிரி அறையில் ஓய்வாக உட்கார்ந்திருப்பவருக்குக் குளிரும் சூடும் தெரியாமல் இருக்கத் தேவையான உடைதான் 1 க்ளோ. அரைக்கைச் சட்டை சுமார் 0.19, முழுக்கைச் சட்டை 0.25, அரைக்கை பனியன் 0.08. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 0.1 க்ளோ கூடினால், அறையின் வெப்பநிலை சுமார் 0.6 டிகிரி ஏறியது போலிருக்கும். ஆக, பனியன் கூட்டுவது அரை டிகிரிதான். இதற்காகப் பனியனைத் திட்டுவது நியாயமில்லை.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தொளதொளப்பான சட்டையை மட்டும் போட்டு நடக்கும்போது, கை கால் அசைவில் சட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் காற்று காலர் வழியாகவும் கீழ்விளிம்பு வழியாகவும் வெளியேறி, புதுக்காற்று உள்ளே வருகிறது. அது தோலை நேராகத் தொட்டு ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். உடம்போடு ஒட்டிய பனியன் குறுக்கே வந்ததும் அந்தக் காற்றுக்குத் தோல் எட்டாது. அது உரசிப் போவது பனியனின் வெளிப்புறத்தை. வியர்வை இப்போது தோலில் இல்லாமல் துணியின் மேற்பரப்பில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியைத் தோலிலிருந்து எடுக்காமல் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதே அளவு வியர்வைதான் போயிருக்கும். உடம்புக்குக் கிடைத்த குளிர்ச்சி மட்டும் குறைந்திருக்கும். ‘பனியன் குளிர்ச்சி தரும்’ என்ற நம்பிக்கை சரிவது இங்கேதான்.

பிறகு எதற்காகத்தான் போடுவது? சட்டைக்காக.

வியர்வை பட்ட சட்டையில் கருத்த திட்டு தெரிவது ஒளியின் வேலை. உலர்ந்த துணியில் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, பருத்திக்குச் சுமார் 1.5. இந்தப் பெரிய வித்தியாசத்தால் ஒளி ஒவ்வொரு இழையிலும் பட்டுச் சிதறித் திரும்புகிறது. துணி வெளிறி, ஒளிபுகாததாகத் தெரிகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் அதன் எண் 1.33. வித்தியாசம் சுருங்கிவிடுவதால் ஒளி சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. நீலச் சட்டை கருநீலமாகிறது; வெள்ளைச் சட்டை உள்ளே இருப்பதையெல்லாம் காட்டுகிறது. வெளிர்நீலமும் சாம்பலும் இந்த விஷயத்தில் படுமோசம். வெள்ளையிலும் அடர்கறுப்பிலும் திட்டு அவ்வளவாகத் தெரியாது.

இந்த ஈரம் சட்டைக்குப் போகும் முன் பிடித்துவைப்பதுதான் பனியனின் வேலை. பனியன் துணி தறியில் நெய்ததல்ல, வளையம் வளையமாகப் பின்னியது. அந்த வளையங்களுக்கு இடையிலும் நூலின் இழைகளுக்கு இடையிலும் உள்ள நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இழுத்துப் பரப்புகின்றன. முதுகுத்தண்டு ஓரமாக வழிந்த வியர்வை, பனியனின் முதுகு முழுக்கப் பரவி மெல்லிய ஈரமாகிவிடுகிறது. ஓரிடத்தில் குவிந்தால் சட்டைக்குத் தாவும். பரவிவிட்டால் தாவுவதற்கு நேரமாகும். ஆனால் இது தாமதம்தான், தடுப்பு அல்ல. நாற்காலியில் முதுகு சாயும் இடத்திலும், பையின் வார் அழுத்தும் தோளிலும் பனியனும் சட்டையும் ஒன்றோடொன்று இறுகுவதால் ஈரம் அங்கே முதலில் கடந்துவிடும். மணிக்கணக்கில் கடுமையாக வியர்த்தால் எந்தப் பனியனும் தாங்காது. நனைந்த பனியன், நனைந்த சட்டை என்று இரண்டு சுமைகளாகிவிடும்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே எண்ணில் சொல்லலாம். சாதாரணக் காற்றில், அதாவது 20 டிகிரி வெப்பத்திலும் 65 சதவீத ஈரப்பதத்திலும், பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை இழைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். பருத்தி இழை ஈரத்தை உள்வாங்கி வீங்குகிறது. லேசான வியர்வையில் தோல் உலர்ந்த உணர்விலேயே இருக்கும். வியர்வை கூடியதும் அதே குணம் எதிரியாகிறது: வீங்கிய இழை நீரை விடாது, உலர நேரமெடுக்கும். பாலியஸ்டர் உள்வாங்காமல் இழைகளின் வெளிப்புறமாகவே நீரை ஓடவிட்டு வேகமாக உலர்கிறது. ஆனால் தோலின் எண்ணெயைப் பிடித்துக்கொள்வதில் அதற்கு நிகரில்லை. நாற்றம் பருத்தியைவிட பாலியஸ்டரில் அதிகம் தங்குவது அதனால்தான். மரக்கூழிலிருந்து செய்யும் மோடல் இழை மென்மையானது, பருத்தியைவிட அதிக ஈரத்தை உள்வாங்கும். சட்டைக்குள் போட, பருத்தியோ மோடலோ 90 முதல் 95 சதவீதமும் மீதி, இழுத்தால் நீண்டு சுருங்கும் எலாஸ்டேன் இழையும் கலந்த துணி போதும். எடை சதுர மீட்டருக்கு 120 முதல் 160 கிராமுக்குள் இருக்கட்டும். 180 கிராமைத் தாண்டினால் சட்டைக்குள் மடிப்பு விழும். 100 கிராமுக்குக் கீழே போனால் ஈரத்தைத் தாங்க அதில் சரக்கே இருக்காது.

பருத்தி ஈரத்தை விடாமல் வைத்திருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். வெயிலில் நடந்து நனைந்த பனியனோடு குளிரூட்டிய அறைக்குள் நுழைந்ததும் முதுகு சில்லிடுவதற்கு இதுதான் காரணம்.

இனி அக்குள். கையில்லாத பனியனைப் பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டும்: சட்டையைக் காப்பாற்றுவதற்காகப் போடுகிறீர்கள் என்றால் அது தப்பான ஆயுதம். உடம்பெங்கும் இருக்கும் எக்ரைன் சுரப்பிகள் உப்புநீரைச் சுரக்கின்றன. அது சட்டையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அக்குளில் இவற்றோடு அப்போகிரைன் சுரப்பிகளும் உள்ளன. பருவ வயதில் செயல்படத் தொடங்கும் இவை கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தைச் சுரக்கின்றன. சுரக்கும்போது அதற்குப் பெரிதாக மணம் கிடையாது. தோலில் வாழும் கொரினிபாக்டீரியம், ஸ்டஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்ற நுண்ணுயிரிகள் அதை உடைத்துக் கொழுப்பு அமிலங்களையும் கந்தகச் சேர்மங்களையும் வெளியிடும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. சட்டையில் முதலில் கறைபடும் இடமும் இதுதான். கையில்லாத பனியன் இந்த இடத்தைத் திறந்துவிட்டு, அவ்வளவு பிரச்சினை இல்லாத மார்பை மூடுகிறது.

அரைக்கை பனியனிலும் வெட்டு முக்கியம். கைக்குழி தாழ்ந்து தொங்கினால் பனியனுக்கும் அக்குளுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, வியர்வை பக்கவாட்டில் வழியும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது துணி அக்குளைத் தொட வேண்டும். கையைத் தூக்கினால் அறுக்கக் கூடாது. நீளம் இடுப்புப் பட்டைக்குக் கீழே 10 முதல் 15 சென்டிமீட்டர் இருந்தால்தான் குனிந்து நிமிரும்போது மேலேறிச் சுருளாது. சட்டையின் மேல் பித்தானைத் திறந்துவிடும் வழக்கம் இருந்தால் ‘வி’ கழுத்துதான் சரி. வட்டக் கழுத்து திறந்த காலருக்குள் எட்டிப் பார்க்கும்.

வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் தெரியாது என்று நினைப்பதும் தவறு. மெல்லிய சட்டை வழியாக உள்ளே போகும் ஒளியை வெள்ளைப் பனியன் பெருமளவு திருப்பி அனுப்புகிறது, பக்கத்தில் உள்ள தோல் குறைவாக அனுப்புகிறது. பனியன் முடியும் கோட்டில் வெளிச்சமும் நிழலும் சந்திப்பதால் விளிம்பு பளிச்சென்று தெரிகிறது. தோலின் நிறத்தை ஒட்டிய பழுப்போ சாம்பலோ போட்டால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளி திரும்பும், கோடு மறைந்துவிடும்.

அக்குள் மஞ்சள் கறைக்கு வியர்வையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வைக் குழாயின் வாயில் கூழ் போன்ற அடைப்பை உண்டாக்கி வேலை செய்கின்றன. அந்த உப்பு துணியில் ஒட்டி, வியர்வைப் புரதத்தோடும் தோல் எண்ணெயோடும் சேர்ந்து மஞ்சளாக இறுகுகிறது. வியர்வைத் தடுப்பானை இரவில் உலர்ந்த தோலில் தடவினால் வேலையும் நன்றாகச் செய்யும், காலையில் துணியில் ஒட்டுவதும் குறையும். காலையில்தான் தடவுவீர்கள் என்றால் முழுக்கக் காய்ந்தபிறகு பனியனைப் போடுங்கள்.

படிந்துவிட்ட கறைக்குக் குளோரின் வெளுப்பான் ஆகாது. அது புரதக் கறையை இன்னும் மஞ்சளாக்கும், எலாஸ்டேனையும் தின்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து அக்குள் பகுதியை அரை மணி நேரம் ஊறவிட்டால் அலுமினியப் படிவு இளகும். நன்றாக அலசியபிறகு, 40 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட்டும் (குளோரின் இல்லாத ஆக்சிஜன் வெளுப்பான்) என்சைம் உள்ள சலவைத்தூளும் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கம்போலத் துவைக்கலாம். அமிலத்தையும் பெர்கார்பனேட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அமிலத்தைக் குளோரின் வெளுப்பானோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். அந்தப் பக்கமே போக வேண்டாம். கறை போகும் முன் இஸ்திரி போட்டால் சூட்டில் அது நிலைத்துவிடும். மென்மையாக்கும் திரவமும் வேண்டாம்: இழைகளின் மேல் மெழுகு போன்ற படலத்தைப் பூசி, உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். பனியனின் ஒரே தகுதியே அந்த உறிஞ்சும் திறன்தான்.

எப்போது தவிர்க்கலாம்? தொளதொளப்பான லினன் சட்டை, புழுக்கம், வெளி வேலை மூன்றும் சேர்ந்தால் பனியன் தேவையே இல்லை. வியர்க்குரு வந்த தோலுக்கு நனைந்த இறுக்கமான துணி எரிகிற நெருப்பில் எண்ணெய். படர்தாமரை இருப்பவர் ஒரு முறை போட்ட பனியனைத் துவைக்காமல் மறுபடி போடவே கூடாது. உடற்பயிற்சிக்கும் பருத்திப் பனியன் பொருந்தாது. மற்றபடி மெல்லிய வெளிர்நிறச் சட்டை, பெரும்பாலும் உட்கார்ந்த வேலை, அக்குளில் வியர்வை என்றிருப்பவருக்கு அரைக்கை பனியன் தாராளமாகப் பயன்படும்.

குளிர்காலத்தில் கணக்கு தலைகீழாகிறது. 1930-களில் நார்வே ராணுவத்தைச் சேர்ந்த ஹென்ரிக் புரூன் மீன்வலையிலிருந்து பனியன் செய்தார். வலையின் கண்களில் அடைபட்ட காற்று வெப்பத்தைக் காத்தது. காலரைத் திறந்தால் அதே கண்கள் வழியாக ஈரம் வெளியேறியது. துணி தோலைத் தொடும் பரப்பே குறைவாக இருந்ததால், நனைந்தாலும் சில்லிடவில்லை. 1953 எவரெஸ்ட் ஏற்றத்திலும் வலைப்பனியன் இருந்தது. வெப்பத்தைக் காத்தது நூல் அல்ல, அடைபட்ட காற்றுதான் என்பதால் சாதாரணப் பனியனிலும் குளிருக்கு இதே விதி: உடம்போடு படிந்திருக்க வேண்டும், ஆனால் ஈரமாக இருக்கக் கூடாது. மதியத்தில் உலர்ந்த ஒன்றை மாற்றிக்கொள்வது, மேலே இன்னொரு தடித்த துணி போடுவதைவிடப் பலன் தரும்.

பனியனின் ஆயுளைத் துணி தீர்மானிப்பதில்லை, எலாஸ்டேன்தான் தீர்மானிக்கிறது. உலர்த்தியின் அதிகச் சூட்டில் அது சீக்கிரம் அறுந்துபோகும். நிழலில் காயப்போட்டால் நீடிக்கும். கழுத்துப் பட்டி அலை அலையாக நெளிந்து, கைக்குழி இழுத்துவிட்டால் மீளாமல் தொங்கினால் அதன் காலம் முடிந்தது. ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டாம். அக்குளைத் தொடாத பனியனைத் தாண்டி வியர்வை நேராகச் சட்டைக்குப் போய்விடும்.